ஆர்.வி.க்குள் நாற்றமா? எப்போது அடிக்கிறது, எங்கே அடிக்கிறது என்று முதலில் பாருங்கள்

அமெரிக்காவில் ஆர்.வி. (படுக்கை, சமையலறை, டாய்லெட் எல்லாம் உள்ள நடமாடும் வீட்டு வண்டி) வைத்திருக்கும் நம்மவர்கள் நாற்றம் என்றதும் செய்கிற முதல் வேலை, கடைக்குப் போய் ஒரு நீல மருந்து பாட்டில் வாங்கி வந்து டாய்லெட்டில் கவிழ்ப்பது. இரண்டு நாளைக்கு வாசனையும் நாற்றமும் கலந்து ஒரு மாதிரி அடிக்கும். மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். கழிவுத் தொட்டி என்றால் நாறத்தான் செய்யும். நேற்று ஷோரூமிலிருந்து ஓட்டி வந்த வண்டியிலும் அது நாறும். தொட்டிக்குள் கிடக்க வேண்டிய காற்று எந்த வழியாக நம் மூக்குக்கு வந்தது என்பதுதான் கேள்வி. அந்த வழி தெரிந்துவிட்டால் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. ஒரு பழைய டூத்பிரஷ்ஷோ, பத்து டாலர் வால்வோ, சில நேரம் ஒரு டம்ளர் தண்ணீரோ போதும்.

தேடத் தொடங்குமுன் ஒரு விஷயம். நாற்றத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துவிடும். கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வந்து நுழையுங்கள். முதல் மூச்சில் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அங்கிருந்து தேடலாம்.

முட்டை அழுகின மாதிரி அடிக்கிறது. தொட்டிதானா?

இல்லாமலும் இருக்கலாம். இதை முதலில் தீர்த்துக்கொள்ளாமல் வேறு எதையும் தொடக்கூடாது.

சமையல் கேஸுக்குத் தானாக வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். அது அழுகிய முட்டை, அழுகிய வெங்காயம் போல அடிக்கும். அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஃபர்னஸ் பக்கம் வாடை கூடுதலாக இருந்தாலோ, கேஸ் அலாரம் அலறினாலோ ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லோரும் கீழே இறங்குங்கள். வெளியிலிருந்து கேஸ் டேங்கின் மெயின் வால்வை மூடிவிட்டுத் தள்ளிப் போய் நின்று உதவிக்குக் கூப்பிடுங்கள்.

பலரும் நினைத்தே பார்க்காத இன்னொரு இடம் பாட்டரி. பழைய லெட் ஆசிட் பாட்டரியில் ஒரு செல் போய்விட்டால், சார்ஜர் விடாமல் மின்சாரத்தைத் திணித்துக்கொண்டே இருக்கும். பாட்டரி சூடாகிப் பக்கவாட்டில் உப்பிப்போகும், கந்தக வாடை விடும். தரையோரம் இருக்கும் கேஸ் அலாரம் அதற்கும் கத்தும். கேஸ் அடைத்தாயிற்று, தொட்டியும் காலி, ஆனாலும் படிக்கட்டுப் பக்கமோ படுக்கைக்கு அடியிலோ வாடை அடிக்கிறது, அலாரமும் நிற்கவில்லை என்றால் சந்தேகம் பாட்டரி மேல்தான். கதவுகளைத் திறந்துவிட்டு, வெளியே உங்கள் வண்டிக்கு மின்சாரம் தரும் கம்பத்துப் பெட்டியில் உள்ள பிரேக்கரை அணையுங்கள். கூரையில் சோலார் இருந்தால் அதுவும் சார்ஜ் செய்துகொண்டிருக்கும், அதையும் துண்டிக்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகு, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு கழற்றலாம். உப்பிய பாட்டரியை மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசையே வேண்டாம்.

அப்புறம், யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க்கில் தங்கியிருந்து, பக்கத்தில் கந்தகச் சேறு கொப்பளிக்கும் மட் வால்கேனோ பார்க்கப் போய், வண்டியைச் சந்தேகப்பட்டுக்கொண்டு திரும்பி வருகிறவர்கள் உண்டு. அங்கே நாறுவது பூமி.

வாடையைத் தடுப்பது எது?

இது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். வண்டியின் வயிற்றில் இரண்டு கழிவுத் தொட்டிகள். டாய்லெட்டுக்கு பிளாக் டேங்க், சிங்க்குக்கும் குளியலறைக்கும் கிரே டேங்க். நடுத்தர மோட்டார் ஹோமில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 முதல் 50 கேலன், லிட்டர் கணக்கில் 115 முதல் 190 வரை பிடிக்கும். இரண்டிலிருந்தும் கூரைக்கு வென்ட் பைப் போகிறது. வாயு அந்த வழியாக மேலே போய்விட வேண்டும். உள்ளே வராமல் தடுப்பது இரண்டு இடங்களில் நிற்கும் தண்ணீர். டாய்லெட் கிண்ணத்தின் அடியில் தேங்கி நிற்கும் தண்ணீர் ஒன்று, ஒவ்வொரு சிங்க்குக்கும் கீழே வளைந்த பி-ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் மற்றொன்று. இவை தவிர சிங்க் அலமாரிக்குள் ஒரு சின்ன காற்று வால்வு இருக்கும், அதைப் பின்னால் பார்ப்போம். உள்ளே வரும் நாற்றம் பெரும்பாலும், கூரை வென்ட்டையும் சேர்த்து இந்த நான்கில் ஒன்று கைவிட்டதால் வருவது.

டாய்லெட் பெடலை மிதித்ததும் குப்பென்று மேலே வருகிறது

மிதிக்கும்போது மட்டும் வந்து, மூடியதும் அடங்கிவிட்டால் முதலில் தலைக்கு மேலே பாருங்கள். குளியலறையின் கூரை ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறதா?

அந்த 14 அங்குல ஃபேன்களில் நல்லவை முழு வேகத்தில் நிமிடத்துக்கு 900 கன அடி காற்றை இழுக்கும். 25 அடி வண்டியின் உள்ளே இருக்கும் மொத்தக் காற்றே ஆயிரத்துச் சொச்சம் கன அடிதான். ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு ஃபேனை ஓட்டினால் உள்ளே அழுத்தம் குறையும். எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். நீங்கள் பெடலை மிதித்து மூன்று அங்குல ஓட்டையைத் திறக்கிறீர்கள், காற்று கூரை வென்ட் வழியாக இறங்கி, பிளாக் டேங்கைத் தடவிக்கொண்டு நேராக உங்கள் முகத்துக்கு வருகிறது. நாற்றத்தைப் போக்கத்தான் ஃபேன் போட்டோம் என்று எல்லோரும் நினைப்பார்கள், வரவழைப்பதே அதுதான். ஃபேனை அணைத்துவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள், மூடிய பிறகு போடுங்கள். இல்லையென்றால் குளியலறை ஜன்னலையாவது நாலு விரல் திறந்து வையுங்கள். வீட்டில் குழந்தைகளுக்கு இதைப் பழக்குவதுதான் கஷ்டம்.

ஃபேன் ஓடாதபோதும் குப்பென்று வருகிறதா? அப்போது தொட்டிக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, கூரை வென்ட் வேலை செய்யவில்லை. கூரையில் ஏறி (ஏற முடியாவிட்டால் ஏணியில் நின்று) வென்ட் மூடியைக் கழற்றிப் பாருங்கள். குளவி கட்டிய மண்கூடு, பறவைக் கூடு, காய்ந்த இலை, குளிர்காலமென்றால் பனி. மாதக் கணக்கில் நின்ற வண்டியில் குளவிதான் முதல் குற்றவாளி. தோட்டக் குழாயை விட்டுத் தண்ணீர் அடித்தால் அடைப்பு தொட்டிக்குள் விழுந்துவிடும். தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

அடைப்பு இல்லை, ஆனால் தொட்டி பாதிக்கு மேல் நிறைந்தால் மட்டும் நாறுகிறது. இது கொஞ்சம் வினோதமான கேஸ். வென்ட் பைப்பை தொட்டியின் மேல்தட்டில் ஒரு ரப்பர் வளையத்துக்குள் சும்மா செருகியிருப்பார்கள். சாலை அதிர்ச்சியில் பைப் மெல்ல நழுவித் தொட்டிக்குள் இறங்கிவிடும். கழிவின் மட்டம் பைப்பின் நுனியைத் தொட்டதும் வாயு மேலே போக வழியே இல்லாமல் போகிறது. கூரையிலிருந்து பைப்பைப் பிடித்துக் கொஞ்சம் மேலே இழுத்து, மறுபடி இறங்காதபடி ஒரு கிளாம்ப் போட்டால் சரியாகிவிடும். எவ்வளவு இழுப்பது என்பதில் அவசரம் வேண்டாம். பைப்பின் நுனி தொட்டியின் கூரைத்தட்டோடு ஒட்டி நிற்க வேண்டும், வளையத்தை விட்டு வெளியே வந்துவிடக்கூடாது.

மிதிக்காவிட்டாலும் டாய்லெட் பக்கம் எப்போதும் வாடை

ராத்திரி படுக்கப் போகும் முன் கிண்ணத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டுவிட்டுப் படுங்கள். காலையில் அது நிற்கிறதா? வறண்டு கிடந்தால் அடியிலுள்ள சீல் கசிகிறது என்று அர்த்தம்.

உடனே புது சீலுக்கு ஆர்டர் போட வேண்டாம். பெரும்பாலும் சீல் நன்றாகத்தான் இருக்கும், அதன் பள்ளத்தில் டாய்லெட் பேப்பர் துணுக்கு சிக்கியிருக்கும். தண்ணீர்ப் பம்பை அணைத்துவிட்டு, பெடலை மிதித்துப் பிடித்தபடி, ரப்பர் விளிம்பின் அடிப்பக்கத்தை டூத்பிரஷ்ஷால் சுற்றிலும் தேயுங்கள். விளிம்புக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு மாதிரி பள்ளம் இருக்கும். சாம்பல் நிறத்தில் கூழான பேப்பரும், கெட்டித் தண்ணீர் ஊர்களில் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவமும் அங்கேதான் ஒட்டியிருக்கும். பிரஷ் நுனியில் அது உருண்டு வரும். அப்புறம் உலர்த்தி, சிலிக்கான் கிரீஸை விரல் நுனியில் எடுத்து ஒரு சுற்றுத் தடவுங்கள். வாசலின் தடவாதீர்கள், பெட்ரோலியச் சரக்கு ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

இதற்குப் பிறகும் தண்ணீர் இறங்கினால் சீலை மாற்ற வேண்டியதுதான். டொமெட்டிக் நிறுவனத்தின் 300 வரிசை டாய்லெட்டுகளில் மேலேயிருந்தே கையால் உருவிப் புதியதை அழுத்திவிடலாம். வேறு சில மாடல்களில் டாய்லெட்டையே தரையிலிருந்து கழற்ற வேண்டியிருக்கும், வாங்கும் முன் மாடல் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் நிற்கிறது, ஆனாலும் வாடை தரையோரம் அடிக்கிறது என்றால் டாய்லெட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசைந்தால், அதன் அடியில் தரையோடு சேரும் இடத்தில் உள்ள சீல் நசுங்கிவிட்டது. இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே பக்கம் மூச்சைப் பிடித்து முடுக்கினால் பிளாஸ்டிக் அடிப்பாகம் விரிசல் விட்டுவிடும். முடுக்கியும் தீரவில்லையா, புது சீல் போடுங்கள்.

நெடுநாள் நிறுத்தி வைத்த வண்டியைத் திறந்ததும் நாற்றம்

இதுதான் இருப்பதிலேயே எளிது. பி-ட்ராப்புகளில் தண்ணீர் வற்றிவிட்டது. சமையலறை சிங்க், குளியலறை சிங்க், ஷவர், மூன்றிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். டாய்லெட்டிலும் கொஞ்சம். அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும்.

போகவில்லை, துணி அலமாரிக்குள்தான் அடிக்கிறது என்பவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் வண்டியில் வாஷிங் மெஷின் வைக்க இடம் விட்டிருக்கிறார்களா? மெஷின் வாங்கியே இருக்க மாட்டீர்கள், ஆனால் அதற்கான வடிகால் பைப்பும் ட்ராப்பும் அலமாரிக்குப் பின்னால் தயாராக இருக்கும். ஒருநாளும் தண்ணீர் போகாத ட்ராப் எப்போதுமே வறண்டுதான் கிடக்கும். அந்தப் பைப் வாயில் ஒரு ரப்பர் மூடி போட்டுவிட்டால் தீர்ந்தது.

மறுபடி நிறுத்தி வைக்கும்போது ட்ராப்புகளில் ரோஸ் நிற ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸ் கொஞ்சம் ஊற்றிவிடுங்கள். அது தண்ணீர் மாதிரி சீக்கிரம் ஆவியாகாது, குளிரில் உறைந்து பைப்பை வெடிக்கவும் விடாது. காருக்கு ஊற்றும் பச்சை ஆன்டிஃப்ரீஸ் விஷம், வண்டிக்குள் அது வேண்டாம். சமையல் எண்ணெய் ஊற்றினால் ஆவியாகாது என்று சிலர் சொல்வார்கள். அது சிக்குப் பிடித்துத் தனி நாற்றம் நாறும்.

புது வண்டிகளில் ஷவருக்கு அடியில் பி-ட்ராப்புக்குப் பதிலாக ஹெப்வோ என்ற வால்வு இருக்கலாம். உள்ளே சிலிக்கான் குழாய் ஒன்று தட்டையாக மூடிக்கொண்டு இருக்கும், தண்ணீர் வந்தால் திறக்கும். வற்றுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் தலைமுடி ஒன்று குறுக்கே படுத்தாலும் சரியாக மூடாது. கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவிப் போடலாம். அடைப்பு நீக்கும் அமிலம் எதையும் அதில் ஊற்றாதீர்கள்.

சிங்க் கீழே அலமாரியைத் திறந்தால் சாக்கடை வாடை

தண்ணீரை விட்டால் கவிழ்த்த பாட்டில் மாதிரி களக் களக் என்று சத்தமும் வருகிறதா? அப்படியானால் ஆள் அகப்பட்டுவிட்டது.

அலமாரிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ட்ராப்புக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் பைப்பின் தலையில், காளான் குடை போலக் கருப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதுதான் காற்று வால்வு. தண்ணீர் இறங்கும்போது பின்னால் உறிஞ்சல் ஏற்படும். அப்போது இது திறந்து காற்றை உள்ளே விடும், இல்லாவிட்டால் ட்ராப்பில் இருக்கும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும். தண்ணீர் நின்றதும் மூடிக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் தட்டு காய்ந்து விறைத்தோ, அழுக்கு ஒட்டியோ திறந்தபடியே நின்றால் தொட்டி வாயு நேராக அலமாரிக்குள் வரும். மூடியபடியே ஒட்டிக்கொண்டால் ட்ராப் காலியாகி சிங்க் ஓட்டை வழியாக வரும். எந்தப் பக்கம் கெட்டாலும் நாற்றம்தான்.

சோதிக்க எளிய வழி, ஒரு பிளாஸ்டிக் பையை அதன் தலையில் போட்டு இறுக்கி ரப்பர் பேண்டால் கட்டிவிட்டு ஒரு நாள் விடுங்கள். வாடை குறைந்தால் உறுதி. கையால் திருகியே கழற்றலாம், அளவு பெரும்பாலும் ஒன்றரை அங்குலம். ஆர்.வி. கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் வைத்த மலிவு வகையை விட, ஹோம் டிப்போ போன்ற கடைகளில் வீட்டுப் பிளம்பிங் பகுதியில் இருக்கும் வகை நீண்ட நாள் உழைக்கிறது. திருகும் இடத்தில் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று. பழையதைக் கழுவித் திரும்பப் போடும் சிக்கனம் இதில் வேண்டாம்.

வண்டி ஓடும்போது மட்டும் வருகிறது

ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் பக்கவாட்டு ஜன்னலைக் கடந்து போகும் காற்று உள்ளே உள்ள காற்றை வெளியே இழுக்கும். குளியலறையின் கூரை வென்ட் திறந்திருந்தாலும் அதே கதை. தொட்டிக்குள் கழிவும் குலுங்கிக்கொண்டே இருப்பதால் வாயு நிறையக் கிளம்பும். பின்பக்க ஜன்னல்களையும் குளியலறை வென்ட்டையும் சாத்திவிட்டு, டாஷ்போர்டு ஏசியை உள்காற்றைச் சுற்றவிடும் நிலையிலிருந்து வெளிக்காற்று எடுக்கும் நிலைக்கு மாற்றுங்கள். உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடி வாடையை வெளியே தள்ளும். கிளம்பும் முன் டாய்லெட் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

நீண்ட மலைப்பாதையில் ஏறும்போது மட்டும் வந்தால் வென்ட் அடைப்பை மறுபடி சந்தேகப்படுங்கள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், தொட்டிக் காற்று விரிந்து வழி தேடும்.

பார்க்கில் சாக்கடை இணைப்போடு நிற்கும்போது வருகிறது

வெளியே போய்க் குழாயையும் வால்வுகளையும் பாருங்கள். இணைப்புதான் இருக்கிறதே என்று இரண்டு வால்வையும் திறந்தே விட்டிருக்கிறீர்களா?

கிரே வால்வு திறந்திருந்தால் பார்க்கின் மொத்தச் சாக்கடைக் காற்றும் குழாய் வழியாக உங்கள் தொட்டிக்கு ஏறும், சில இடங்களில் சின்ன ஈக்களும் சேர்ந்து வரும். பிளாக் வால்வு திறந்திருப்பது அதைவிட மோசம். திரவம் ஓடிவிடும், திடக்கழிவு அங்கேயே தங்கிக் குவியும். டாய்லெட்டுக்கு நேர் கீழே அது கோபுரமாக எழும்பிக் காயும். ஆர்.வி. உலகத்தில் அதற்கு 'பிரமிடு' என்றே பெயர்.

பிளாக் வால்வை எப்போதும் மூடி வையுங்கள். மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். நிறையத் தண்ணீர் வேகமாகப் போனால்தான் கெட்டியானதையும் இழுத்துக்கொண்டு போகும். முதலில் பிளாக், அதன் பிறகு கிரே, சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கடைசியாக டாய்லெட் வழியாக இரண்டு மூன்று கேலன் சுத்தமான தண்ணீரை விட்டு, தொட்டியின் அடித்தளம் மூழ்கும்படி செய்யுங்கள். பலர் தவறவிடும் படி இதுதான். காலித் தொட்டியில் முதலில் விழுவது வறண்ட தரையில் ஒட்டினால் பிரமிடுக்கு அடிக்கல் நாட்டியாயிற்று.

ஏற்கனவே பிரமிடு எழும்பிவிட்டதா? தொட்டியை முக்கால்வாசி தண்ணீரால் நிரப்பி, நொதி கலந்த மருந்தைப் போட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். இடையில் வண்டியை ஓட்டினால் இன்னும் நல்லது. ஐஸ் கட்டிகளைப் போட்டால் உள்ளே தேய்த்துவிடும் என்ற யோசனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. தண்ணீரில் மிதக்கிற பொருள் அடியில் இருப்பதை எப்படித் தேய்க்கும்? தொட்டி கழுவும் இணைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். வால்வு மூடிய நிலையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். தொட்டி நிறைந்தால் அது வெளியேறும் வழி உங்கள் டாய்லெட்தான்.

நம் வீடுகளில் பேப்பரைவிடத் தண்ணீர் அதிகம் என்பது பிளாக் டேங்குக்கு வரம். தொட்டி சீக்கிரம் நிறையும், ஆனால் உள்ளே எதுவும் கெட்டிப்படாது. சில டாய்லெட்டுகளில் கை ஸ்ப்ரே கூடுதல் வசதியாக வருகிறது, இல்லாவிட்டால் ஒரு மக் போதும். பேப்பர் பயன்படுத்துவதென்றால், ஒரு பாட்டில் தண்ணீரில் இரண்டு தாளைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். கூழாகக் கரையவில்லை என்றால் அந்த பிராண்ட் வேண்டாம். துடைக்கும் வைப்ஸ், 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று போட்டிருந்தாலும் உள்ளே போகக்கூடாது.

வெயில் காலத்தில் மட்டும் தாங்க முடியவில்லை

அரிசோனா, டெக்சாஸ் பக்கம் ஜூலையில் தொட்டியின் உள்ளே கொதிக்கும். சூடு ஏறினால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம், காற்றில்லாத இடத்தில் வேலை செய்யும் வகைகள் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும். மருந்துக்கு இங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது.

மருந்துகளில் பல வகை. பாக்டீரியாவைக் கொல்லும் பழைய வகைகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அது பார்க்கின் செப்டிக் டேங்கையும் சேர்த்துக் கெடுக்கும். கலிஃபோர்னியாவில் அதற்குத் தடை, வேறு பல பார்க்குகளும் அனுமதிப்பதில்லை. நல்ல பாக்டீரியாவும் நொதியும் கலந்த வகை கழிவைக் கரைக்கும், ஆனால் தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தால்தான் வேலை செய்யும், குளிரில் மந்தமாகிவிடும். நைட்ரேட் வகை, நாற்றம் உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு வேறு தீனி காட்டித் திசைதிருப்பும். என் வாக்கு நொதி வகைக்கு, அதுவும் வெயில் காலத்துக்கு மட்டும்.

பிளீச் மட்டும் பிளாக் டேங்கில் ஊற்றாதீர்கள். சிறுநீரில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு வரும். ஒரு நாள் பிளீச், மறுநாள் வினிகர் என்று மாற்றி மாற்றி ஊற்றுவதும் ஆபத்து, அதில் வருவது குளோரின்.

நாற்றம் டாய்லெட்டில் இல்லை, சிங்க்கில்தான். ஊசிப்போன சாம்பார் மாதிரி

கிரே டேங்க்தானே, சோப்புத் தண்ணீர்தானே என்று அலட்சியமாக இருப்போம். பிளாக்கை விட இது மோசமாக நாறும் நாட்கள் உண்டு, நம் சமையலில் அதற்கு வாய்ப்பும் அதிகம். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, பருப்பு ஒட்டிய குக்கர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் போகின்றன. மாவுச்சத்து ஒரே நாளில் புளிக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கெட்டியாகிவிடும், நெய்யும் அப்படியே. மலைப்பக்கம் ராத்திரிக் குளிரில் அது தொட்டிச் சுவரில் படிந்து, அதன் மேல் மற்றதெல்லாம் ஒட்டும்.

தட்டையும் கடாயையும் பேப்பரால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அப்புறம் கழுவுங்கள். கஞ்சியை சிங்க்கில் ஊற்றாதீர்கள். பார்க்கின் பொதுப் பாத்திரம் கழுவும் தொட்டி இருந்தால் அங்கே கொண்டு போய் ஊற்றுங்கள், செடியோரம் மட்டும் வேண்டாம், கரடி நடமாடும் இடங்களில் உணவு வாடை விடுவது தப்பு. சிங்க்கில் ஒரு வலைச் சல்லடை கட்டாயம். ஏற்கனவே படிந்துவிட்ட தொட்டிக்கு, பாத்திரம் கழுவும் திரவம் தாராளமாக விட்டு, பாதி வரை வெந்நீர் நிரப்பி, ஒரு பயண நாள் முழுக்கக் குலுங்கவிட்டு, போய்ச் சேர்ந்ததும் காலி செய்யுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், பைப் எல்லாம் பிளாஸ்டிக்.

ஷவர் தொட்டியில் அழுக்குத் தண்ணீர் மேலே வந்து நின்றால் கிரே டேங்க் நிறைந்துவிட்டது, மீட்டர் காலி என்று காட்டினாலும் சரி. இந்த மீட்டர்களை நம்பாதீர்கள். எண்ணெய்ப் படிவம் சென்சாரை மூடினால் வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

வெந்நீர்க் குழாயைத் திறந்தால் மட்டும்

இதற்கும் கழிவுத் தொட்டிக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தும் இதற்காக பிளாக் டேங்கை நாலு தடவை கழுவுகிறவர்கள் உண்டு. ஒரு டம்ளரில் குளிர்ந்த தண்ணீர், இன்னொன்றில் வெந்நீர் பிடித்து வெளியே கொண்டு போய் முகர்ந்து பாருங்கள். வெந்நீர் மட்டும் நாறினால் வாட்டர் ஹீட்டர். இரண்டும் நாறினால் பார்க்கின் குழாயிலேயே பிடித்துப் பாருங்கள், ஃப்ளோரிடா போன்ற இடங்களில் கிணற்றுத் தண்ணீரிலேயே கந்தகம் இருக்கும்.

சபர்பன் நிறுவன ஹீட்டர்களில் இரும்புத் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மெக்னீசியக் கம்பி உள்ளே இருக்கும். தண்ணீரில் உள்ள ஒரு வகை பாக்டீரியாவும் அந்தக் கம்பியும் சேர்ந்தால் அழுகிய முட்டை வாடை வரும். அட்வுட் நிறுவன ஹீட்டர்களின் அலுமினியத் தொட்டிகளில் இந்தக் கம்பி கிடையாது. கேஸ், மின்சாரம் இரண்டையும் அணைத்து, முழுதாக ஆறவிட்டு, தண்ணீர் அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே கம்பியைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சபர்பனுக்கு 1-1/16 அங்குல சாக்கெட் வேண்டும். உள்ளே வண்டலை அலசிவிட்டு, நல்ல தண்ணீர் அமைப்பு முழுவதையும் பிளீச்சால் சுத்தம் செய்யுங்கள். 15 கேலன் கொள்ளளவுக்கு கால் கப் வாசனையில்லாத பிளீச், எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை ஓடவிட்டு, ராத்திரி முழுக்க ஊறவைத்து, வாடை போகும்வரை அலசுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் மெக்னீசியத்துக்குப் பதில் அலுமினியம்-துத்தநாகக் கம்பி போடலாம். தொட்டி நிறையும் முன் ஹீட்டரின் மின் ஸ்விட்சைப் போட்டுவிடாதீர்கள், எலிமென்ட் எரிந்துவிடும்.

வெளியே, குழாய் மாட்டும் இடத்தில்

மூடியைத் திறந்ததும் காலில் கொட்டினால் தொட்டியைத் திறந்து மூடும் கத்தி வால்வு முழுதாக மூடவில்லை. நாலைந்து முறை இழுத்து மூடிப் பாருங்கள், பேப்பர் துணுக்கு விலகலாம். விலகாவிட்டால் நான்கு போல்ட் கழற்றி வால்வை மாற்றும் வேலைதான், தொட்டியைக் கழுவிக் காலி செய்துவிட்டு. அதுவரைக்கும் முனையில் திருகி மாட்டும் கூடுதல் வால்வு ஒன்று மானத்தைக் காப்பாற்றும்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் அடிக்கிறது

அப்போது பைப் இணைப்பு ஒன்று சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ பிரிந்திருக்கலாம். பழைய காலப் பிளம்பர்களின் வழி ஒன்று இருக்கிறது. பெப்பர்மின்ட் எண்ணெய் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஒருவர் கூரைக்கு ஏறி, வென்ட் பைப்புக்குள் விட்டு, பின்னாலேயே ஒரு கெட்டில் சுடுநீர் ஊற்றி, பைப் வாயைத் துணியால் அடைத்துவிட வேண்டும். அவர் உடனே உள்ளே வரக்கூடாது, கையிலும் சட்டையிலும் அதே வாசம் இருக்கும். உள்ளே ஜன்னல் சாத்திக் காத்திருப்பவர், ஒவ்வொரு அலமாரியாக, சுவிட்ச் பெட்டி ஓட்டைகளை, கூரை விளக்கின் விளிம்பை முகர்ந்துகொண்டு போக வேண்டும். புதினா வாசம் எங்கே வருகிறதோ அதன் பின்னால் பிரிந்த இணைப்பு இருக்கிறது.

கூரை விளக்குப் பக்கம் வந்தால் பைப்பைக் குறைவான நீளத்தில் வெட்டியிருப்பார்கள். அதன் தலை கூரைக்கு மேலே வராமல், மேல்கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவிலேயே நின்றுவிடும். வாயு அந்த இடைவெளிக்குள் பரவி விளக்கு ஓட்டை வழியாக இறங்கும். தொழிற்சாலையிலிருந்தே அப்படி வரும் வண்டிகள் உண்டு. அதே அளவு ஏபிஎஸ் பிளாஸ்டிக் பைப்பில் ஒரு துண்டும் இணைப்பானும் வாங்கி, கூரைக்கு மேலே இரண்டு அங்குலம் நிற்கும்படி நீட்டி, பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைத்து, மூடியைத் திரும்பப் போட்டு, அதன் விளிம்பிலும் திருகுகளின் தலையிலும் கூரைக்கான சீலன்ட் விடுங்கள். ரப்பர் கூரையில் சாதாரண சிலிக்கான் சரியாக ஒட்டாது. உங்கள் கூரை எந்த வகை என்று பார்த்து அதற்கென்று விற்பதையே வாங்குங்கள், காய்வதற்கு நேரம் எடுக்கும் என்பதால் மழை இல்லாத நாளாகப் பார்த்து ஏறுங்கள்.